கடலுக்கடியில் தரை பிறக்கும் இடம்

பாப்பாவுக்கு,

கடிதம் என்றால் "இங்கு அனைவரும் நலம்" என்று ஆரம்பிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அப்படி எழுதினால் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிற உன் அம்மா சிரிப்பாள். அவள் நலம். நான் சுமார். நேற்று சாயங்காலம் நீ கோவாவிலிருந்து அவளுக்குப் போன் செய்து பேசியது முழுவதும் எனக்குத் தெரியும். ஆராய்ச்சிக் கப்பலில் மறுபடியும் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது, இந்த முறை சென்னையிலிருந்தே கிளம்புகிறது, போகிறாயா இல்லையா என்று இந்த வாரத்துக்குள் உன் ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டும். "நைனாவ கேட்டு சொல்லும்மா, அவரு இன்னா சொல்றாரோ அதான்" என்று சொன்னாயாம். என்னிடம் நேராகக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் நீ கேட்க முடியாதபடி செய்தவனே நான்தான். வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், காபியில் சர்க்கரை போதவில்லை என்று உன் அம்மாவிடம் சண்டை போட்டேன்.

பதிலைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் இரண்டு பேருடைய போன் பேச்சு உனக்குத் தெரியாததா? "சாப்டியா?" என்று நான் கேட்பேன். "ஆங், சாப்டேன். நீ சாப்டியா நைனா?" என்று நீ கேட்பாய். அங்கே மழையா, இங்கே வெயிலா, அம்மாவிடம் கொடு. முடிந்தது. திருத்தணி டிப்போவில் ஸ்டீயரிங் பிடித்தே வாழ்நாளைக் கழித்துவிட்டு ரிட்டயர் ஆனவன் நான். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் எழுதினால்தான் ஒரு விஷயத்தை ஆரம்பித்து முடிக்கிற வரைக்கும் நீ நடுவில் "சரி நைனா, வெச்சுடவா?" என்று கேட்க முடியாது. அதற்காகத்தான் கடிதம். பொறுமையாகப் படி.

முதலில் பழைய கதை. நீ பிறந்ததும் ஜாதகம் எழுதக் கொடுத்தேன். ஜோசியர் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "பொண்ணுக்கு ஜலகண்டம் காட்டுதுப்பா. முப்பது வயசு முடியற வரிக்கும் தண்ணி பக்கம் ஜாக்கிரதையா பாத்துக்கோ" என்றார். பாவம், ஜாக்கிரதை என்று மட்டும்தான் சொன்னார். மற்றதெல்லாம் நானாகச் செய்துகொண்டது. வீட்டுத் தொட்டிக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினேன். கிணறு இருக்கிற வீட்டுக்கு உன்னை விளையாட அனுப்பியதில்லை. ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கையில் தெப்பம் விடும்போது ஊரே படித்துறையில் நெருக்கிக்கொண்டு நிற்கும். நான் உன்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால், பொரிகடலைக் கடைக்குப் பக்கத்தில் நிற்பேன். அங்கிருந்து உனக்குத் தெரிந்தது விளக்கு வெளிச்சம் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் கூட்டிப்போனபோது உனக்கு ஜுரம் என்று பொய் சொன்னேன். நீ ஜுரமே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து அழுதாய். உன் அம்மா அன்றைக்குக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "மழ வந்தா இன்னாயா பண்ணுவ? வானத்துக்கும் மூடி போட்டு பூட்டுவியா?"

மலைப்பாதையில் எத்தனையோ வருடம் பஸ் ஓட்டியவன் இப்படியா என்று நீயே கேட்டிருக்கிறாய். ரோட்டில் எனக்குப் பயம் கிடையாது. ரோட்டில் பிரேக் என் காலில் இருக்கிறது. தண்ணீரில் எதுவும் என் கையில் இல்லை. என் பயம் அவ்வளவுதான், அதில் பெரிய ஆழமெல்லாம் கிடையாது.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது சின்ன வகுப்பு. ஊரில் ஒருத்தருக்கும் அந்தச் சொல்லே தெரியாது. டிப்போ எதிரில் இருக்கிற டீக்கடை டி.வி.யில் மெரினாவைக் காட்டினார்கள், நாகப்பட்டினத்தைக் காட்டினார்கள். டிரைவர்களும் கண்டக்டர்களும் கையில் டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றோம். வண்டியை இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன். நீ டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாய். உன்னைத் தூக்கிக் கட்டிக்கொண்டேன். நீ என் கைக்குள்ளிருந்து நெளிந்து வெளியே வந்து, "நைனா, கடல்ல அலதானே வரும்? கடலுக்கு அடியில தர ஆடிச்சின்னு சொல்றாங்களே, தர எப்டி ஆடும்?" என்று கேட்டாய். நான் டி.வி.யை அணைத்தேன். நீ எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தாய். அன்றைக்கு எனக்குப் பயம் இரட்டிப்பானது, உனக்குக் கேள்வி பிறந்தது. இரண்டும் ஒரே டி.வி.யில், ஒரே காலையில்.

கல்லூரியில் நிலவியல் படிக்கிறேன் என்றபோது நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஏன் தெரியுமா? கல், மண், மலை. பத்திரமான படிப்பு. இதில் தண்ணீருக்கு என்ன வேலை என்று நினைத்தேன். டிப்போவில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தேன். நீ தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வந்து, கல்லைப் படித்துப் படித்து, அந்தக் கல்லின் பின்னாலேயே கடலுக்குள் போய்விட்டாய். பூமியில் பெரும்பகுதித் தரை கடலுக்கு அடியில்தான் இருக்கிறது, கல்லைப் படிக்கிறவள் அங்கேதான் போகணும் என்றாய். என்னை யாரும் ஏமாற்றவில்லை, நானேதான் ஏமாந்தேன்.

ஆனால் பாப்பா, அந்த வருடங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வருடங்கள். லீவு நாளில் நீ என் வண்டியில் ஏறிக்கொள்வாய். திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி. திரும்ப அதே வழி. எனக்கு இடது பக்கம் இருக்கிற முன்சீட்டில், "ஓட்டுநரிடம் பேசாதீர்கள்" என்று எழுதியிருக்கிற போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, போய்ச்சேருகிற வரைக்கும் பேசுவாய். கடலின் நடுவில் ஒரு மலைத்தொடர் போகிறது, அதன் உச்சியில் நீளமாக ஒரு பிளவு, அந்தப் பிளவில் அடியிலிருந்து உருகிய பாறை மேலே வருகிறது, வந்ததும் குளிர்ந்த தண்ணீர் பட்டு உருண்டை உருண்டையாக, தலையணைகளை அடுக்கினமாதிரி உறைந்துபோகிறது என்று நீ சொன்னபோது நான், "பிளவு இருந்தா தண்ணியெல்லாம் உள்ள எறங்கிடாதா?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் பின்சீட்டில் தூங்கிய ஆள் எழுந்துவிட்டார். கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்கிறது, சூடாகிக் கரும்புகை மாதிரி கக்கிக்கொண்டு மறுபடி வெளியே வருகிறது, வெளிச்சமே போகாத அந்த இடத்தில் அந்தச் சூட்டை நம்பி ஜீவராசிகள் வாழ்கின்றன என்றாய். இன்ஜின் மூடிமேல் கையை வைத்து, "இப்டிதான் நைனா, மேல சாதாரணமா இருக்குது, அடியில கொதிக்குது" என்றாய். சூடு தாங்காமல் கையை உதறிக்கொண்டாய்.

புத்தூரில் வண்டி நின்றிருந்தபோது நீ நடத்திய கூத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். கண்டக்டரின் தமிழ்ப் பேப்பரை வாங்கினாய். எதிர்சீட்டுப் பெரியவர் படித்துக்கொண்டிருந்த தெலுங்குப் பேப்பரையும் கேட்டு வாங்கினாய். இரண்டையும் சேர்த்து முன்சீட்டு மெத்தை இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் அடிப்பக்கமாகச் செருகி, மேலே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாய். தமிழ்ப் பேப்பர் என் பக்கமாக வந்தது, தெலுங்குப் பேப்பர் வாசல் பக்கமாகப் போனது. "இந்த இடுக்குதான் கடல் நடுவுல இருக்கிற பிளவு. இங்க புதுசா தர வருது. வந்த உடனே ரெண்டா பிரிஞ்சி, பாதி இந்தியா பக்கம் வருது, பாதி ஆப்பிரிக்கா பக்கம் போவுது. பழசு தூரமா போய்க்கினே இருக்கும், புதுசு எப்பவும் நடுவுலதான்" என்றாய். கண்டக்டர் இதைக் கேட்டுவிட்டு, "நம்ம பேப்பர் இந்தியா, தெலுங்கு பேப்பர் ஆப்பிரிக்காவா? வெளிய சொல்லாதம்மா, நகரியில வண்டிய நிப்பாட்டிடுவாங்க" என்றார்.

அவரையும் நீ சும்மா விடவில்லை. அவர் பேனாவைத் திறக்கச் சொல்லி, நீ "மாத்து" என்று சொல்லும்போதெல்லாம் இடுக்கிலிருந்து வெளியே வருகிற இடத்தில் இரண்டு பேப்பரிலும் கோடு போடச் சொன்னாய். பூமிக்கு ஒரு காந்தம் இருக்கிறது, பல லட்சம் வருடத்துக்கு ஒருமுறை அது வடக்கு தெற்காக மாறிப்போகிறது, பாறை உறைகிற அந்த நேரத்தில் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் கடல்தரை முழுக்கப் பட்டை பட்டையாக அந்தக் கணக்கு இருக்கிறது என்றாய். கடைசியில் இரண்டு பேப்பரையும் விரித்துக் காட்டினாய். இந்தப் பக்கம் எங்கே தடித்த கோடோ அந்தப் பக்கமும் அங்கேயே தடித்த கோடு. அகலம் முதற்கொண்டு ஒன்றுபோல இருந்தது. நடுக்கடலில் ஒன்றாகப் பிறந்து, ஆயிரக்கணக்கான மைல் பிரிந்துபோன பிறகும் எது எதோடு பிறந்தது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று சொன்னாய். பஸ்ஸே வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. அந்தப் பெரியவர் மட்டும், "நா பேப்பரு இச்செய்யம்மா" என்று தன் பேப்பரைத் திருப்பிக் கேட்டுக் கையை நீட்டினார்.

அன்று திரும்பி வரும்போது நான் இன்னொரு சந்தேகம் கேட்டேன். "தர வந்துகினே இருந்தா பூமி ஊதிகினே போவாதா?" நீ என்னைப் பெருமையோடு பார்த்தாய். நல்ல கேள்வி என்றாய். எனக்கு அதற்கு முன்னால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஒரு பக்கம் பிறக்கிற தரை தூரம் போகப்போகக் குளிர்கிறது, குளிர்ந்தால் கனக்கிறது, கனத்தால் தாழ்கிறது, மேலே சேறு படிகிறது, கடைசியில் இன்னொரு ஓரத்தில் மடங்கி பூமிக்குள்ளேயே போய்விடுகிறது என்றாய். அதனால்தான் கடலடித் தரை எங்கே எடுத்தாலும் சுமார் இருபது கோடி வருடத்துக்கு உட்பட்டதுதான், நம் மலையில் கிடக்கிற கல்லுக்கு வயது நூறு கோடிக்கும் மேல் என்றாய். நான் உடனே பஸ் கணக்கில் புரிந்துகொண்டேன். புது வண்டி டிப்போவை விட்டுக் கிளம்புகிறது, ஓடி ஓடிப் பழசாகிறது, கடைசியில் ஏலத்துக்குப் போய் உருகி இரும்பாகிறது. சரிதான் நைனா என்றாய். அந்தமான், சுமத்ரா பக்கம் அப்படித்தான் நம் தரை உள்ளே போகிறது, போகும்போது நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கும், ஒருநாள் பிய்த்துக்கொண்டு நகரும், தரை எப்படி ஆடும் என்று சின்ன வயதில் நீ கேட்டதற்கு இதுதான் பதில் என்றாய். நான் அணைத்த டி.வி.க்கு நீயே பதில் தேடிக்கொண்டு வந்திருந்தாய். நான் ஹாரன் அடித்தேன். எதிரில் வண்டி எதுவும் இல்லை.

எவ்வளவு ஸ்பீடு என்று கேட்டதற்கு, "நகம் வளர்ற ஸ்பீடு" என்றாயே, அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. இப்போது ஒவ்வொரு முறை நகம் வெட்டும்போதும் உன் நினைவு வருகிறது. பாப்பா போன தடவை வந்துவிட்டுப் போன பிறகு கடலடியில் இத்தனை புதுத் தரை வந்திருக்கும் என்று வெட்டிப்போட்ட துண்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "நகத்த வீட்டுக்குள்ள போட்டுட்டு இன்னா வேடிக்க?" என்று உன் அம்மா துடைப்பத்தோடு வருவாள். அவளிடம் என்ன சொல்வது?

அப்புறம் அந்த முதல் கப்பல். நீ கோவாவில் கடல் ஆராய்ச்சி வேலைக்குச் சேர்ந்து, மொரீஷியஸையும் தாண்டி அந்தப் பிளவு இருக்கிற இடத்துக்கே போக உனக்கு இடம் கிடைத்தது. பட்டைகளை அளக்க வேண்டும், கல்லை எடுத்துவர வேண்டும். அதைச் சொல்ல நீ நேரிலேயே வந்தாய். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடிக்காமல் ஓடிவந்தமாதிரி மூச்சு வாங்க வந்தாய். நான் போகாதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நீ என்னோடு சண்டை போட்டிருப்பாய், ஜெயித்தும் இருப்பாய். நான் "உன் இஷ்டம்" என்றேன். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. நீ என் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். மூன்றாம் நாள் காலையில் "நா போவல நைனா, எழுந்து சாப்டு" என்றாய். நான் எழுந்து சாப்பிட்டேன். இட்லியும் தக்காளிச் சட்னியும். ருசியாகத்தான் இருந்தது, அதுதான் வெட்கமாக இருக்கிறது. உனக்குப் பதில் வேறு யாரோ போய் வந்தார்கள்.

பாப்பா, உனக்கென்று ஒருநாள் யாராவது இருப்பார்கள். அப்போது பயமாக இருந்தால் வாய் திறந்து சொல். முதுகைக் காட்டிச் சொல்லாதே. வாயால் சொன்னால் எதிரில் இருப்பவர் பதில் பேசலாம், முதுகோடு யாராலும் பேச முடியாது. அறிவுரை என்று உனக்குக் கொடுக்க என்னிடம் இது ஒன்றுதான் உருப்படியாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நீ என்மேல் கோபப்படவேயில்லை. பண்டிகைக்கு வந்தாய், எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாய், பி.பி. மாத்திரை போட்டேனா என்று கேட்டாய். கடலைப் பற்றி மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டாய். முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. அப்புறம்தான் வீட்டில் ஏதோ குறைகிறது என்று தெரிந்தது. நானாகப் பேச்சைக் கிளப்பிப் பார்த்தேன். போனில் கடலடி வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். பாதி புரியவில்லை, மீதியில் பாட்டு சத்தம். ஒருநாள் தைரியமாக, "அந்தக் காந்தக் கோடுங்க இன்னா ஆச்சி பாப்பா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல நைனா. நீ சாப்டியா?" என்றாய். நீ பக்கத்தில் இல்லாதது எனக்குப் பழகிவிட்டது. நீ என்னிடம் அதைச் சொல்லாமல் இருப்பது பழகவே இல்லை. திருப்பதி பஸ் நம் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், இடது பக்கம் முன்சீட்டில் உட்கார்ந்து யாராவது பேசிக்கொண்டு போகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறேன். உன் குரல் வேண்டும் எனக்கு. சாப்டியா என்று கேட்கிற குரல் இல்லை, அந்தப் பழைய குரல்.

நேற்று நீ போனை வைத்த பிறகு உன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். நீல நிறத் தொட்டி. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு பெண் நீந்திப் போகிறாள். தலை உள்ளே போகிறது, வெளியே வருகிறது, உள்ளே போகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த ஓரத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் துடைத்தபோதுதான் அது நீ என்று தெரிந்தது. "இது எப்பத்துல இருந்து?" என்று கேட்டேன். "அந்த மொத கப்பல உட்ட அப்பத்துல இருந்து கத்துகினு கீறா. உன்கிட்ட சொல்லாதன்னு சொன்னா. பயந்துடுவியாம்" என்றாள். எனக்குத் தெரியாமல் நீந்தக் கற்றுக்கொண்டாய் என்று முதலில் வலித்தது. அப்புறம் அந்த வீடியோவை மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும். உன் அம்மா போனை என் கையிலேயே கொடுத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள்.

இப்போது பதில். முப்பது முடிய உனக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அது பொய். ஜோசியரிடம் போய் ஏதாவது பரிகாரம் கேட்கலாமா என்றும் யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவர் சரி என்று சொல்லி உன்னை அனுப்பினால், அனுப்பியது அவர் என்றாகிவிடும். நான் அனுப்ப வேண்டும். பயம் எனக்கு அப்படியே இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் சொல்கிறேன். போ, பாப்பா. கப்பலில் போ.

நிலமும் நிலமும் பிரிந்தால்தான் நடுவில் புதுத் தரை வரும், ஆகவே பிரிவும் நல்லதுதான் என்று இதை வைத்து ஒரு தத்துவம் சொல்லலாம். கல்யாண மண்டபத்தில் மைக் பிடிக்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பிரிவு பிரிவுதான். நீ போனால் எனக்குக் கஷ்டமாக இருக்கும், நீ திரும்புகிற வரைக்கும் சோறு இறங்காது, உன் அம்மாவின் உயிரை எடுப்பேன். ஆனால் நீ போகாமல் கரையிலேயே பத்திரமாக இருந்து, சாப்டியா சாப்டியா என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதைவிட இது தேவலாம். தண்ணீருக்குத் தப்பிய மகள் என்று வைத்துக்கொண்டு, என் மகளை நானே இழந்திருந்தேன்.

நீ பிறந்த வருடம் நம் மலையில் முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். முப்பது வயது தாண்டி இவள் நல்லபடியாக இருந்தால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று. இத்தனை வருடம் இது உன் அம்மாவுக்கே தெரியாது. இன்று காலை மலைக்குப் போனேன். மொட்டை போடும் இடத்தில் உட்கார்ந்தேன். கத்தியைத் தீட்டிக்கொண்டே மொட்டை போடுகிறவர், "இன்னா வேண்டுதல் பெரியவரே, நெறவேறிடுச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லங்க."

"அப்ப இன்னாத்துக்கு இப்பவே? நெறவேறுன அப்பறம்தானே அடிப்பாங்க?"

"பொண்ணு கப்பல்ல போவுது. அது திரும்பி வர்ற வரிக்கும் இந்த முடிய வெச்சுகினு இருந்தேன்னா, வேண்டுதல் பாக்கி கீதுன்னு சொல்லி நா பொண்ண போவ உட மாட்டேங்க. எனக்கு என்னிய தெரியும். அதான் வந்துட்டேன்."

தலையில் தண்ணீர் தெளித்து, "குனிங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "சாமிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துகிறாரு பாரு!" என்று கத்தினாள். அப்புறம் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இனி அந்தச் சாமி பாடு.

கடலில் சிக்னல் இருக்காது என்று தெரியும், அதனால் சாப்டியா என்று கேட்கமாட்டேன். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே. வாந்தி வந்தால் வெட்கப்படாதே, திருப்பதி மலை ஏறும்போது எவ்வளவு பெரிய ஆளெல்லாம் ஜன்னலில் தலை வைத்திருக்கிறார்கள். அந்தப் பிளவுக்கு நேர் மேலே கப்பல் நிற்கும்போது மட்டும் ஒரு நிமிடம் என்னை நினைத்துக்கொள். புதிதாக மேலே வந்த கல்லைக் கையில் எடுத்தால் அது கண்ணாடி மாதிரி மினுக்குமா, கரியாக இருக்குமா, மணம் உண்டா என்று பார்த்து வைத்துக்கொள். வந்ததும் நம் ஊரிலிருந்து திருப்பதிக்கு ஒரு பஸ் ஏறுவோம். ஓட்டுவது வேறு யாரோ ஒரு பையனாக இருப்பான். நாம் இரண்டு பேரும் முன்சீட்டில் உட்காருவோம். போய்ச்சேருகிற வரைக்கும் நீ சொல், நான் கேட்கிறேன். குறுக்கே கேள்வி கேட்பேன், முட்டாள்தனமாகத்தான் இருக்கும், சிரித்துக்கொள்.

கப்பல் கிளம்புகிற அன்றைக்கு நானும் அம்மாவும் காலை ரயிலில் சென்னைக்கு வருகிறோம். துறைமுகத்துக்குள் எங்களை விடுவார்களா என்று விசாரித்துச் சொல். விடாவிட்டாலும் பரவாயில்லை, கடற்கரையில் தண்ணீர் காலில் படுகிற இடத்தில் நிற்பேன். இத்தனை வயதில் நான் கடலை அத்தனை கிட்டப் பார்த்ததில்லை. நீ மேல்தளத்தில் வந்து நின்று கரைப் பக்கம் பார். அவ்வளவு கூட்டத்தில் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று நினைக்காதே. வெயிலில் மொட்டைத் தலை தூரத்திலிருந்தே தெரியும்.

உன்
நைனா